மின்புலம் கொடுத்தும் அடுக்குகள் திரும்பவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

மென்பொருள் என்றாலே கணினிதான் நினைவுக்கு வரும். இங்கே பேச்சு அதைப் பற்றியதல்ல. தொட்டால் குழைகிற, ஆனால் உள்ளுக்குள் அடுக்கடுக்காகத் தானே அமைந்துகொள்கிற பொருட்களைப் பற்றியது. ஸ்மெக்டிக் திரவப் படிகம் (குச்சி போன்ற மூலக்கூறுகள் அடுக்கடுக்காக அமைந்த திரவம்), பிளாக் கோபாலிமர் படலம் (இரண்டு வேறு பாலிமர் சங்கிலிகள் முனையில் இணைந்த பொருள்), நீரில் ஊறிய லிப்பிட் (கொழுப்பு வகை மூலக்கூறு) அடுக்குகள் ஆகிய மூன்றும் இந்த வகை. இரண்டு மின்முனைகளுக்கு நடுவே வைத்து மின்புலம் கொடுத்தால் அடுக்குகள் ஒரே திசையில் அணிவகுக்க வேண்டும்.

வகுக்காவிட்டால் எல்லோருடைய கையும் முதலில் வோல்டேஜ் திருகிக்குத்தான் போகும். பெரும்பாலும் அது தவறான மருந்து. புலம் அடுக்குகளைப் போய்ச் சேரவே இல்லை, அல்லது சேர்ந்தும் அடுக்குகள் நகர முடியாத நிலையில் இருக்கின்றன: பெரும்பாலான பழுதுகள் இந்த இரண்டில் அடங்கிவிடும். இரண்டுக்குமே வோல்டேஜைக் கூட்டுவது பதில் அல்ல.

தள்ளுவிசை எவ்வளவு?

அறிகுறிகளுக்குப் போவதற்கு முன் ஒரு சிறு கணக்கு. 8சிபி என்ற பரவலாகப் பயன்படும் ஸ்மெக்டிக் பொருளில், மூலக்கூறின் நீளவாக்கு விடுதிறனுக்கும் குறுக்குவாக்கு விடுதிறனுக்கும் உள்ள வேறுபாடு சுமார் 8. (விடுதிறன் என்பது பொருள் மின்புலத்துக்கு எவ்வளவு முனைவாகிறது என்பதை வெற்றிடத்தோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண்.) மைக்ரானுக்கு 1 வோல்ட் புலம் கொடுத்தால் கிடைக்கும் திருப்பு ஆற்றல் கன மீட்டருக்குச் சுமார் 35 ஜூல், அதாவது 35 பாஸ்கல் அழுத்தத்துக்குச் சமம். புலத்தைப் பத்து மடங்காக்கினால் இது நூறு மடங்காகி 3,500 பாஸ்கல் ஆகும். ஆனால் ஸ்மெக்டிக் அடுக்கை அமுக்கி மெலிய வைக்கவோ இழுத்துத் தடிக்க வைக்கவோ எதிர்க்கும் குணகம் பத்து லட்சம் முதல் ஒரு கோடி பாஸ்கல் வரை.

சீட்டுக்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வளைக்கலாம், சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும், ஆனால் ஒரு சீட்டைக்கூட அமுக்கி மெலிதாக்க முடியாது. ஆகவே மின்புலம் அடுக்குகளின் இடைவெளியை மாற்றாது. அடுக்குகள் திரும்புவது, ஒழுங்கு குலைந்த இடங்களான குறைகளும், வேறு வேறு திசை பார்க்கும் பகுதிகளுக்கு நடுவிலான எல்லைகளும் நகர்வதன் வழியாகத்தான். அவை நகரும் அளவுக்குப் பொருள் இளகியிருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

அறிகுறி: அடுக்குகள் திரும்பியிருக்கின்றன, ஆனால் எதிர்பார்த்ததற்கு நேர் குறுக்காக

இது பல நேரம் பிழையே அல்ல, விதியைக் குழப்பிக்கொண்டதுதான். திரவப் படிகத்தில் புலம் பிடித்துத் திருப்புவது மூலக்கூறின் அச்சை. விடுதிறன் வேறுபாடு நேர்க்குறியானால் மூலக்கூறு புலத்தின் திசையில் நிமிரும். ஸ்மெக்டிக் ஏ நிலையில் அடுக்கு என்பது மூலக்கூறுக்குக் குறுக்காக இருப்பது. எனவே மேலும் கீழும் மின்முனை உள்ள செல்லில் (இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பொருளை நிரப்பிய அமைப்பு) அடுக்குகள் கண்ணாடிக்கு இணையாகப் படுத்துவிடும்.

பிளாக் கோபாலிமரில் கதை வேறு. அங்கே அச்சு எதுவும் இல்லை. விடுதிறன் வேறுபட்ட இரண்டு பொருட்கள் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கின்றன. இவை புலத்துக்குக் குறுக்கே கிடந்தால் தொடர் இணைப்பில் உள்ள மின்தேக்கிகள் போல, புலத்தோடு நின்றால் பக்க இணைப்பு போல. பாலிஸ்டைரீனுக்கு 2.5, பிஎம்எம்ஏவுக்கு (பாலிமெத்தில் மெத்தக்ரிலேட்) 160 டிகிரி செல்சியஸ் அருகே ஏறத்தாழ 6 என்று வைத்து, இரண்டும் சரிபாதி இருந்தால், நிற்கும் அடுக்குகளின் சராசரி விடுதிறன் 4.25, படுத்த அடுக்குகளுக்கு 3.53. பெரிய எண்தான் வெல்லும். அதனால் கோபாலிமர் அடுக்குகள் புலத்தின் திசையில் எழுந்து நிற்கும், கண்ணாடிக்குச் செங்குத்தாக. லிப்பிட்டும் நீரும் கலந்த அடுக்குகளும் இந்தக் கட்சிதான்.

ஒரே செல், ஒரே புலம். 8சிபி அடுக்கு படுக்கும், கோபாலிமர் அடுக்கு நிற்கும். ஒரு பொருளில் பழகிய கை இன்னொன்றுக்கு மாறும்போது இங்கேதான் சறுக்கும்.

திரவப் படிகத்திலேயே எதிர்த்திசை வந்தால், பொருளின் விடுதிறன் வேறுபாடு எதிர்க்குறியா என்று பாருங்கள். சில கலவைகளில் அதிர்வெண் ஒரு எல்லையைத் தாண்டியதும் குறி மாறிவிடும்; அங்கே 1 கிலோஹெர்ட்ஸில் ஒரு விடை, 50 கிலோஹெர்ட்ஸில் வேறு விடை வரலாம்.

அறிகுறி: எதுவுமே நடக்கவில்லை

சிக்னல் ஜெனரேட்டரின் திரையில் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். ஆஸிலோஸ்கோப்பின் புரோபை செல்லின் இரண்டு முனைகளிலும் நேரடியாக வைத்துப் பாருங்கள்.

மிக அடிக்கடி மாட்டுவது பாதுகாப்புக்காகத் தொடரில் போட்ட மின்தடை. 1 சதுர சென்டிமீட்டர் பரப்பு, 5 மைக்ரான் இடைவெளி, விடுதிறன் 10 உள்ள செல்லின் மின்தேக்குத்திறன் சுமார் 1.8 நானோஃபாரட். அதோடு 1 மெகாஓம் மின்தடையைத் தொடராகப் போட்டால் அது 90 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதையெல்லாம் வெட்டும் வடிகட்டியாகிவிடும். 1 கிலோஹெர்ட்ஸில் 100 வோல்ட் அனுப்பினால் செல்லுக்குப் போய்ச் சேர்வது 9 வோல்ட். டிசிக்கு 1 மெகாஓம் சரி. ஏசிக்கு 10 கிலோஓம் போதும், அப்போது வெட்டு எல்லை 9 கிலோஹெர்ட்ஸுக்குப் போய்விடும்.

அடுத்து, பெருக்கியின் மின்னோட்ட வரம்பு. மேலே சொன்ன செல்லுக்கு 1 கிலோஹெர்ட்ஸில் 100 வோல்ட் ஆர்எம்எஸ் (ஏசியின் பயனுறு மதிப்பு) கொடுக்க 1.1 மில்லிஆம்பியர் வேண்டும். 10 கிலோஹெர்ட்ஸில் 11 மில்லிஆம்பியர். வரம்பு 10 மில்லிஆம்பியர் என்றால் சைன் அலை முக்கோணம் போலச் சரிந்து நிற்பது திரையில் தெரியும்.

வோல்டேஜ் செல்லுக்கு வந்துவிட்டது, ஆனாலும் அசைவில்லை என்றால் உள்ளே பங்கீட்டைப் பாருங்கள். கோபாலிமர் படலத்தின் மேல் மின்முனையை வெறுமனே அமர்த்தியிருந்தால் நடுவே காற்று இருக்கும். 1 மைக்ரான் படலம், 1 மைக்ரான் காற்று, 100 வோல்ட்: படலத்தின் விடுதிறன் 3.5 என்றால் அதற்குக் கிடைப்பது 22 வோல்ட்தான். மீதி 78 வோல்ட்டைக் காற்று தின்றுவிடும். காற்று இல்லாவிட்டால் முழு 100 வோல்ட்டும் படலத்துக்கே. நாலரை மடங்கு புலம் என்றால் தள்ளுவிசையில் இருபது மடங்கு வித்தியாசம். வோல்டேஜைக் கூட்டி இதை ஈடுகட்டப் பார்த்தால் காற்றில் பொறிதான் பறக்கும். மேல் மின்முனையைப் படலத்தின் மீதே ஆவியாக்கிப் படியவைப்பது, அல்லது அலுமினியம் பூசிய பாலிஇமைடு தாளை வெப்பத்தில் அழுத்தி ஒட்டவைப்பது நல்ல வழி. தாள் இருந்தால் அதன் தடிமனையும் பங்கீட்டுக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

டிசி கொடுத்தீர்களா? திரவப் படிகச் செல்லில் உள்ள அயனிகள் சில நொடிகளில் மின்முனைகளுக்கு ஓடிப்போய் உள்ளிருக்கும் புலத்தை மறைத்துவிடும். சுவிட்ச் போட்ட கணத்தில் ஒரு துடிப்பு, பிறகு பழைய நிலை என்றால் இதுதான். 1 கிலோஹெர்ட்ஸ் ஏசிக்கு மாறுங்கள்.

கடைசியாக, நிலைமாற்ற வெப்பம். 8சிபி 21.5 டிகிரிக்கு மேல் ஸ்மெக்டிக் ஏ, 33.5-க்கு மேல் நெமாட்டிக் (மூலக்கூறுகள் ஒரே திசை பார்க்கும், ஆனால் அடுக்கு இருக்காது), 40.5-க்கு மேல் சாதாரணத் திரவம். கண்ணாடிக்கு இணையாகப் படுக்கவைத்த நெமாட்டிக் ஏறத்தாழ 1 வோல்ட்டிலேயே எழத் தொடங்கும், அதுவும் தடிமனைப் பொருட்படுத்தாமல். அதே செல் 30 டிகிரியில் பத்து, இருபது வோல்ட்டுக்கும் சட்டை செய்யாமல் கிடக்கும். ஸ்மெக்டிக்கில் அச்சை வளைக்க அடுக்குகள் உடைய வேண்டும், அதனால்தான். கோபாலிமருக்கும் இதே கேள்வி உண்டு: பாலிஸ்டைரீனும் பிஎம்எம்ஏவும் ஏறத்தாழ 100 முதல் 115 டிகிரி வரை கண்ணாடி போல இறுகிக் கிடக்கும். 120 டிகிரியில் வைத்துவிட்டு ஒரு மணி நேரத்தில் பலன் தேடுவது வீண். தவிர, சூடு குறைந்தால் பிஎம்எம்ஏவின் விடுதிறனும் இறங்கிவிடும். அறை வெப்பத்து மதிப்பான 3.6-ஐப் போட்டுப் பார்த்தால் நிற்பதற்கும் படுப்பதற்கும் உள்ள வேறுபாடு 0.72-லிருந்து 0.1 ஆகச் சுருங்கும்.

அறிகுறி: திரும்பியது, ஆனால் விசிறிகளும் கோடுகளும் போகவில்லை

ஸ்மெக்டிக்கில் மிகச் சாதாரணமான குறை. குறுக்கிட்ட போலரைசர்களுக்கு நடுவே பார்த்தால் பெரும்பகுதி கருப்பு. ஆனால் ஆங்காங்கே விசிறி போன்ற குவியக் கூம்பு அமைப்புகள், எண்ணெய் வழிந்ததுபோல் பளபளக்கும் கோடுகள். இதற்கு ஸ்மெக்டிக் நிலையிலேயே 100 வோல்ட், 200 வோல்ட் என்று ஏற்றிப் பார்ப்பது பயன் தராது. அடுக்கு உருவாகும் முன்பே திசையைத் தீர்மானித்துவிட வேண்டும்.

8சிபிக்கு, 10 மைக்ரான் செல்லில் இப்படிச் செய்யுங்கள்:

1. கண்ணாடியை 42 டிகிரியில் வைத்து, திரவ நிலையில் இருக்கும்போதே நுண்புழை ஏற்றத்தால் நிரப்புங்கள். குளிர்ந்த செல்லில் நிரப்பினால் ஓட்டத்தின் தடம் அப்படியே பதிந்துவிடும்.
2. 1 கிலோஹெர்ட்ஸ், 20 வோல்ட் ஆர்எம்எஸ் கொடுங்கள். புலம் இனி கடைசிவரை அணையக் கூடாது.
3. நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் 34.5 வரை இறக்கிப் பத்து நிமிடம் நிறுத்துங்கள்.
4. அங்கிருந்து 32.5 வரை நிமிடத்துக்கு 0.1 டிகிரிக்கு மேல் வேகம் வேண்டாம். இருபது நிமிடம் ஆகும். அவசரப்பட்டால் மொத்த வேலையும் இந்த இடத்தில்தான் கெடும்.
5. 30-க்கு வந்த பிறகு புலத்தை எடுக்கலாம். அடுக்குகளின் அமைப்பு அப்படியே மாறாமல் இருக்கும்.

33.5-ஐ நெருங்கும்போது நுண்ணோக்கியில் கண்ணை எடுக்காமல் பாருங்கள். நெமாட்டிக் நிலையில் திரை லேசாக மினுமினுத்துக்கொண்டே இருக்கும். மூலக்கூறு அச்சின் வெப்ப நடுக்கம் அது. நிலைமாற்றம் கடக்கும் இடத்தில் மினுமினுப்பு சட்டென்று அடங்கி, அந்தப் பகுதி உறைந்தாற்போல் அமைதியாகிவிடும். இந்த அமைதி ஒரு பக்கத்திலிருந்து அலைபோல் பரவி வந்தால் உங்கள் செல்லின் வெப்பம் சீராக இல்லை என்று பொருள். ஹாட் ஸ்டேஜின் (நுண்ணோக்கியின் வெப்ப மேடை) ஓரத்துக்கும் நடுவுக்கும் அரை டிகிரி வித்தியாசம் இருந்தாலே போதும், எல்லைக்கோடு நெடுகக் குறைகள் விதைக்கப்பட்டுவிடும்.

அப்படியும் விசிறிகள் மிஞ்சினால் குற்றவாளி கண்ணாடிச் சுவர். படுக்கைவாக்கில் தேய்த்த பாலிஇமைடு பூச்சு இருக்கும் செல்லில் புலம் நடுப்பகுதி மூலக்கூறுகளை நிமிர்த்திவிடும். சுவரை ஒட்டிய மெல்லிய தோல் மட்டும் படுத்தே இருக்கும். மைக்ரானுக்கு 1 வோல்ட் புலத்தில் இந்தத் தோலின் தடிமன் ஏறத்தாழ 0.4 மைக்ரான். நெமாட்டிக்கில் அது தொந்தரவு தராது. ஸ்மெக்டிக் வந்ததும் அந்த வளைவுக்கு இடமில்லாமல் குவியக் கூம்புகளாக வெடிக்கும். ஆகவே மூலக்கூறுகள் நிமிர்ந்த அமைப்புதான் வேண்டுமென்றால், புலத்தை மட்டும் நம்பாமல், கண்ணாடிக்கே லெசித்தின் அல்லது நீள்சங்கிலி சைலேன் பூச்சு கொடுங்கள். சுவரும் புலமும் ஒரே பக்கம் இழுக்கட்டும்.

ஓர் எச்சரிக்கை: கருப்பாகத் தெரிவதெல்லாம் மூலக்கூறுகள் நிமிர்ந்த அமைப்பு அல்ல. செல் 41 டிகிரியில் திரவமாக இருந்தாலும் கருப்புதான். கோனோஸ்கோப் முறையில் குவித்த ஒளியில் பார்த்துக் கருஞ்சிலுவை தெரிகிறதா, மேடையைச் சுழற்றினாலும் அது கலையாமல் நிற்கிறதா என்று உறுதி செய்யுங்கள்.

அறிகுறி: வோல்டேஜ் ஏற்றியதும் பால்போல் கலங்குகிறது

அயனிகள் ஓடி, ஓட்டமே அடுக்குகளைக் கிழிக்கிறது. ஸ்மெக்டிக் ஏ-இல் அயனிகள் அடுக்குக்குள் எளிதாக ஓடும், அடுக்கைத் தாண்டிக் குறுக்கே போவது கடினம். புலமோ அவற்றைக் குறுக்கே தள்ளுகிறது. கீழ் அதிர்வெண்ணில் இந்த இழுபறி கொந்தளிப்பாக முடிகிறது. இதையே வேலைக்குப் பயன்படுத்திய காட்சித்திரைகளும் உண்டு: கீழ் அதிர்வெண்ணில் கலங்கவைத்து எழுதுவது, கிலோஹெர்ட்ஸில் தெளியவைத்து அழிப்பது.

எந்த அதிர்வெண் போதும் என்பதைக் கடத்துதிறன் சொல்லிவிடும். அதை முழு விடுதிறனால் (பொருளின் எண்ணை வெற்றிட விடுதிறனோடு பெருக்கியது) வகுத்து 2பையால் மீண்டும் வகுத்தால் எல்லை அதிர்வெண் வரும். மீட்டருக்கு நூறு கோடியில் ஒரு பங்கு சீமன்ஸின் பத்து மடங்கு, அதாவது 10 நானோசீமன்ஸ் என்றால், விடுதிறன் 10 உள்ள பொருளுக்கு எல்லை 18 ஹெர்ட்ஸ். 100 நானோசீமன்ஸ் என்றால் 180 ஹெர்ட்ஸ். இதைப் போல் பத்து மடங்கில் வேலை செய்யுங்கள். அளக்க எல்சிஆர் மீட்டர் (மின்தடையையும் மின்தேக்குத்திறனையும் அளக்கும் கருவி) போதும்: 1 சதுர சென்டிமீட்டர், 5 மைக்ரான் செல்லின் மின்தடைக் கூறு கீழ் அதிர்வெண்ணில் 5 மெகாஓம் காட்டினால் 10 நானோசீமன்ஸ், 500 கிலோஓமுக்கு இறங்கிவிட்டால் பொருள் அழுக்காகிவிட்டது. முதலில் சந்தேகிக்க வேண்டியது ஓரத்தை ஒட்டிய பசையை. முழுதாக இறுகாத எபாக்சியும் புற ஊதாப் பசையும் நாள்போக்கில் அயனிகளைக் கசியவிடும். கலக்கம் ஓரத்திலிருந்து தொடங்கி நடுவுக்கு வந்தால் பசைதான். ஒரே நேரத்தில் எங்கும் வந்தால் பொருளோ கண்ணாடிக் கழுவலோ.

அறிகுறி: மின்னல்வெட்டு போன்ற ஜிக்ஜாக் கோடுகள்

சாய்ந்த மூலக்கூறுகள் உள்ள, மின்முனைவாக்கம் தானே கொண்ட ஸ்மெக்டிக் சி* செல்களில் பெரும்பாலும் வரும் நோய். ஸ்மெக்டிக் ஏ-இலிருந்து குளிரும்போது மூலக்கூறுகள் சாய்வதால் அடுக்கு மெலியும். சுவரில் பதிந்த பழைய இடைவெளி மட்டும் மாறாது. இடத்தை நிரப்ப அடுக்குகள் நடுவில் மடிந்து அம்புமுனை வடிவம் எடுக்கும். அடுக்கு 3.2 நானோமீட்டரிலிருந்து 3.0-க்கு மெலிந்தால் மடிப்புக் கோணம் 20 டிகிரி. இடப்பக்கம் மடிந்ததும் வலப்பக்கம் மடிந்ததும் சந்திக்கும் கோடுதான் நீங்கள் பார்க்கும் ஜிக்ஜாக். இந்த மடிப்பு எக்ஸ்-கதிரில் உறுதியானது 1987-ல்.

மருந்து: ஸ்மெக்டிக் சி* நிலையில், 10 முதல் 50 ஹெர்ட்ஸ் சதுர அலை, மைக்ரானுக்கு 5 முதல் 10 வோல்ட், சில நிமிடங்கள். அடுக்குகள் நிமிர்ந்து புத்தக அலமாரி அமைப்புக்கு வரும். மெல்லிய வரிகள் மிஞ்சும், அவை முழுக்கப் போகாது. அலை இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். ரம்பப்பல் போலச் சமச்சீரற்ற அலை கொடுத்தால் அடுக்குகள் கண்ணாடித் தளத்திலேயே மெல்லச் சுழலத் தொடங்கிவிடும். தேய்த்த திசைக்கும் அடுக்குக்கும் உறவே அறுந்துபோகும்.

அறிகுறி: கோபாலிமர் படலத்தின் நடுவே நிற்கிறது, மேலும் கீழும் படுத்திருக்கிறது

குறுக்குவெட்டை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால்தான் இது தெரியும். ருத்தீனியம் டெட்ராக்சைடு சாயம் பாலிஸ்டைரீனைக் கருப்பாக்கும். மேற்பரப்பை மட்டும் வருடும் அணுவிசை நுண்ணோக்கி இங்கே ஏமாற்றும்.

சண்டை புலத்துக்கும் மேற்பரப்புக்கும். முன்பு கணக்கிட்ட 0.72 வேறுபாட்டில், மைக்ரானுக்கு 40 வோல்ட் புலம் கன மீட்டருக்கு 5,100 ஜூல் தரும். 1 மைக்ரான் தடிமனுக்கு அது சதுர மீட்டருக்கு 5 மில்லிஜூல். 100 நானோமீட்டர் படலத்துக்கு வெறும் அரை மில்லிஜூல். மேற்பரப்பின் விருப்பமோ தடிமனைப் பார்த்துக் குறைவதில்லை. சிலிக்கானின் இயற்கை ஆக்சைடு பிஎம்எம்ஏவை விடாமல் பிடித்துக்கொள்ளும். மெல்லிய படலத்தில் அதுதான் ஜெயிக்கும்.

எனவே சுவரை நடுநிலையாக்குங்கள். ஸ்டைரீன் 58 முதல் 60 விழுக்காடு உள்ள ஒழுங்கற்ற ஸ்டைரீன்–எம்எம்ஏ கோபாலிமரை, முனையில் ஹைட்ராக்சில் தொகுதியோடு, சிலிக்கானில் சுழற்றிப் பூசி, வெற்றிடத்தில் 160–170 டிகிரியில் இரண்டு நாள் வைத்து, ஒட்டாததை டொலுவினில் கழுவிவிடுங்கள். மேல் மின்முனைப் பக்கத்தையும் மறக்கக் கூடாது. கீழே மட்டும் நடுநிலையாக்கிவிட்டு மேலே வெறும் உலோகத்தை வைத்தால் பாதிப் படலம் படுத்தே இருக்கும்.

வரிசையும் முக்கியம். அடுக்குகள் முதலிலேயே அப்பழுக்கில்லாமல் படுத்துவிட்டால், புலத்துக்குச் சரியாகக் குறுக்கே இருப்பதால் திருப்பு விசை சுழியாகிவிடும். நுனியில் நிறுத்திய பென்சில் போல, விழ வேண்டிய நிலைதான், தள்ளிவிட ஆள் இல்லை. சூடாக்கிவிட்டுப் பிறகு புலம் கொடுப்பவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். புலத்தைப் போட்ட பிறகு சூடாக்குங்கள். நைட்ரஜனிலோ வெற்றிடத்திலோ 170 முதல் 190 டிகிரியில் 12 முதல் 24 மணி நேரம். புலத்தோடே 80 டிகிரிக்குக் கீழ் குளிரவைத்து, பிறகே அணையுங்கள். காற்றில் சூடாக்கினால் சங்கிலிகள் ஆக்சிஜனேற்றம் அடைந்து ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும், பிறகு எந்தப் புலத்துக்கும் அசையாது.

மூலக்கூறு எடை கூடுதலாக இருந்து உருகலில் நகரவே மாட்டேன் என்றால், கரைப்பானில் செறிந்த கரைசலாக வைத்துத் திருப்பலாம். மைக்ரானுக்கு 1–2 வோல்ட் போதும். அலெக்சாண்டர் போக்கர் குழு 2002-ல் பாலிஸ்டைரீன்–பாலிஐசோப்ரீன் கரைசலில் காட்டிய ஒரு விஷயம் பழுது பார்க்கவும் உதவும். இரண்டு கூறுகளும் வலுவாகப் பிரிந்திருந்தால் மணிகள் (அடுக்குகள் ஒரே திசை பார்க்கும் சிறு பகுதிகள்) முழுசாகச் சுழலும்; எக்ஸ்-கதிர் சிதறலின் உச்சி இடைக்கோணங்கள் வழியாக நகர்ந்து போவது தெரியும். பிரிவு வலுவில்லாதிருந்தால் மணிகளுக்கு நடுவிலான எல்லைகள் நகரும். பழைய இடத்தில் உச்சி மங்க, புதிய இடத்தில் வளரும். இரண்டில் எதுவுமே நடக்காவிட்டால் கரைசல் கெட்டியாகிவிட்டது, கரைப்பான் ஆவியாகிப் போயிருக்கும். அடைப்பைச் சரிபாருங்கள்.

அறிகுறி: மேலிருந்து பார்த்தால் கைரேகை போலச் சுழல்கிறது

அடுக்குகள் நின்றுவிட்டன, உங்கள் வேலை முடிந்தது. ஒற்றைப் புலம் 'நில்' என்று மட்டும்தான் சொல்லும், எந்தப் பக்கம் பார்த்து நில் என்று சொல்லாது. எக்ஸ்-கதிரைப் புலத்தின் திசையிலேயே அனுப்பினால் முழு வளையம் வருவதும் இதனால்தான்; திசையமைவு இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கற்றையைப் புலத்துக்குச் செங்குத்தாக அனுப்புங்கள்: புலத்துக்குக் குறுக்குத் திசையில் இரண்டு வில்கள் தெரிய வேண்டும். தளத்திலும் ஒரே திசை வேண்டுமென்றால் சறுக்கு விசையோ, முதல் புலத்துக்குக் குறுக்கே இரண்டாவது புலமோ தேவை.

அறிகுறி: படலத்தில் மேடுகள், தூண்கள்

அடுக்கு திரும்புவதற்குப் பதிலாகப் படலத்தின் மேற்பரப்பே புலத்தால் இழுக்கப்பட்டு எழுந்திருக்கிறது. உருகிய பாலிமருக்கு மேல் காற்று இடைவெளி இருந்தால் மைக்ரான் கணக்கான இடைவெளியில் தூண்கள் முளைப்பது 2000-லிருந்தே தெரிந்த விஷயம். நுண்வடிவங்கள் செய்ய அதையே ஒரு முறையாகவும் பயன்படுத்துகிறார்கள். தூண் என்றால் காற்று இருக்கிறது. மேல் மின்முனையைச் சரியாக ஒட்டுங்கள், வேறு மருந்து இல்லை.

அறிகுறி: பொறி, கருகிய புள்ளி

காற்றில் சுமார் 330 வோல்ட்டுக்குக் கீழ், எவ்வளவு சிறிய இடைவெளியானாலும், வழக்கமான மின்முறிவு நடக்காது. அந்தக் குறைந்தபட்சம் வாய்ப்பது ஏறத்தாழ 7.5 மைக்ரான் இடைவெளியில். அதாவது சரியாக நாம் பயன்படுத்தும் அளவில். இது உச்ச வோல்டேஜ் என்பதை மறக்க வேண்டாம்: மீட்டரில் 240 வோல்ட் ஆர்எம்எஸ் காட்டினால் உச்சம் 339. 'இன்னும் வரம்புக்குக் கீழேதானே இருக்கிறோம்' என்று நினைத்த இடத்தில் செல் போய்விடும்.

புள்ளி ஓரத்தில் இருந்தால், ஐடிஓ பூச்சை (கண்ணாடி மேலுள்ள ஒளிபுகும் மின்முனை) விளிம்பிலிருந்து 2–3 மில்லிமீட்டர் உள்ளே வரும்படி அமிலத்தில் அரித்தெடுங்கள். நடுவில் இருந்தால் தூசியோ குமிழியோ. 5 மைக்ரான் இடைவெளியில் 5 மைக்ரான் தூசி ஒன்றே பாலம். கோபாலிமர் படலத்தில் குமிழி வந்தால் கரைப்பான் முழுதாகப் போகவில்லை, சூடாக்கும் முன் வெற்றிடத்தில் ஓரிரவு உலர்த்துங்கள். கரைப்பான் ஆவி இருக்கும் பெட்டியில் உயர் வோல்டேஜ் கொடுக்கும்போது பொறி என்பது செல்லோடு நிற்காது, தீயாகிவிடும். நைட்ரஜன் ஓட்டம் கட்டாயம். இன்னொன்று, 1.8 நானோஃபாரட் செல் 1,000 வோல்ட்டில் தேக்கிவைப்பது 1 மில்லிஜூலுக்கும் குறைவு. ஆளைக் கொல்லக்கூடியது செல் அல்ல, அதன் பின்னால் இருக்கும் பெருக்கி. மூடியைத் திறந்தால் தானே அணையும் சுவிட்ச் இல்லாமல் வேலை செய்யாதீர்கள்.

அறிகுறி: லிப்பிட் அடுக்கில் குமிழி, அல்லது அடுக்கே கலைந்துபோகிறது

நீர் இருக்கும் இடத்தில் கணக்கு வேறு. டிசியோ மிகக் கீழ் அதிர்வெண்ணோ கொடுத்து 1.23 வோல்ட்டைத் தாண்டினால் நீர் பிரியத் தொடங்கலாம், குமிழி அதனால். அதிர்வெண்ணை உயர்த்தினால் குமிழி நிற்கும், ஆனால் சூடு நிற்காது. கடத்துதிறன் மீட்டருக்கு 0.1 சீமன்ஸ் உள்ள உப்புக் கரைசலில் மைக்ரானுக்கு 0.1 வோல்ட் கொடுத்தால், வெப்பம் வெளியே போக வழியில்லாதபோது, நொடிக்கு 240 டிகிரி வீதம் சூடேறும். அடுக்கு திரும்புவதற்குள் கொதித்துவிடும். உப்பில்லாத, அயனி நீக்கிய நீரில் ஊறவையுங்கள். கடத்துதிறனை மீட்டருக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு சீமன்ஸுக்குக் கொண்டுவந்தாலும் அதே புலத்தில் நொடிக்கு 2.4 டிகிரி ஏறும். ஆகவே புலத்தைத் தொடர்ச்சியாகக் கொடுக்காமல், அரை நொடி கொடுத்துப் பத்து நொடி ஓய்வு விட்டுச் சிறு சிறு துடிப்புகளாகக் கொடுங்கள்; வெப்ப இணையைச் செல்லின் அடிக்கண்ணாடியில் ஒட்டி, ஒவ்வொரு துடிப்புக்கும் எத்தனை டிகிரி ஏறி இறங்குகிறது என்று பார்த்து ஓய்வு நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.